ஒன்பது சட்டை

மனித விடுதலையின் வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு என்று, ஊரே கூடி உண்ணும் சர்ச் அசனப் பண்டிகை மேடையில் முழங்கினார் பேராசிரியர் மெர்வின். அந்தப் பக்கத்தை அவரே எழுதி, அவரே அச்சடித்து, அசனச் சோற்றுக்கு நின்றவர்கள் கையில் அவரே திணித்திருந்தார்.

புத்தகம் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற பேஸ்பால் அணியைப் பற்றியது. வெள்ளையர் லீக்கில் இடம் கிடைக்காத கறுப்பர்கள், தனி லீக் வைத்து ஆடினார்கள். லாரியில் விளக்குகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவிலும் ஆடினார்கள். இதைச் சொல்லும்போது மெர்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஊர் பேஸ்பால் கிளப்புக்கும் அவர்தான் தலைவர். அதில் மேலத்தெருப் பையன்கள் மட்டுமே இருந்தார்கள். தற்செயல் என்பார்.

கிளப் அனுப்பினால்தான் மாவட்ட அணித் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், கீழத்தெரு ஜெபகனி வருஷாவருஷம் வந்து கேட்பான்.

"எழுத்துல தடை ஒண்ணுமில்லலே. இடந்தான் இல்ல" என்பார் மெர்வின்.

இந்த வருஷம் அவரே கூப்பிட்டனுப்பினார். அசனத்தன்று சாயங்காலம் மோனார்க்ஸ் நினைவு ஆட்டம்.

"கிளப் பயலுவ மோனார்க்ஸ். நீங்க வெள்ளைக்காரங்க."

ஜெபகனி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "நாங்களா சார்?"

"சட்டை ஒன்பதுதான் தச்சிருக்கு, வண்ணார்பேட்டைல. எங்க பயலுவ அளவுக்கு. பைய வீசு, மோனார்க்ஸ்தான் ஜெயிக்கணும். முடிஞ்சதும் வெள்ளைக்காரக் கேப்டனா நீ என் பேரன் சுஜின் கையைப் புடிச்சு, 'எங்க டீமுக்கு வா'ன்னு கூப்பிடணும். புத்தகத்துல கடைசி அத்தியாயம் அதுதான்."

ஜெபகனி பைய வீசவில்லை. மோனார்க்ஸ் மட்டைகள் காற்றை மட்டும் அடித்தன. சுஜின் ஒருமுறை சுழன்று உட்கார்ந்தே விட்டான். கீழத்தெரு ஜெயித்தது.

கடைசி அத்தியாயத்தை மட்டுமாவது காப்பாற்ற நினைத்து, மெர்வின் மைக்கை ஜெபகனியிடம் நீட்டினார். சுஜின் கையை நீட்டியபடி நின்றான்.

"கூடிப் பேசிட்டுச் சொல்லுதோம் சார்" என்றான் ஜெபகனி. "எழுத்துல தடை ஒண்ணுமில்ல. இடந்தான் இல்ல."

இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது. அசனச் சோற்றைத் தவிர அவை சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

சிறப்பு விருந்தினர் கரோலின், மாவட்ட அணியின் பயிற்சியாளர். மெர்வின் பக்கம் குனிந்து கேட்டார்: "அந்தப் பந்து வீசுன பையன் உங்க கிளப்தானா சார்?"

மெர்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம பையந்தான் மேடம். சின்னதுலேருந்து நாந்தான் பாத்துப் பாத்து வளக்கேன்."

"அப்போ கிளப் சட்டையோட நிக்கச் சொல்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

சட்டை ஒன்பதுதான் இருந்தது. சுஜின் பனியனோடு வீட்டுக்குப் போனான்.