இடுப்பு உயரம்

"உங்க இடுப்பு உசரம் எத்தனைன்னு சொல்லிப்போடுங்கண்ணா, பைப்பை அறுக்கோணும்" என்று பட்டறைக்காரர் நஞ்சுண்டன் சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்கக்கூடாத கேள்வி ஒன்றுமில்லை. கால்சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரன் கேட்பதுதான். ஆனாலும் மாசாணம் பட்டறையின் தகரக் கூரையைப் பார்த்தார், லேத்துக்கு அடியில் சுருள் சுருளாகக் கிடந்த இரும்புத் துருவலைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவி காளியாத்தாளை மட்டும் பார்க்கவில்லை. காலையில் கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துக் கணபதிக்கு வந்து சேர்வதற்குள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது. இங்கே வந்தால் டயர் கழற்றும் மெசினைப் பார்த்தோமா, சொல்லிவிட்டுப் போனோமா என்று வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார்.

"சித்த இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று நஞ்சுண்டன் நினைத்திருக்கலாம். மரியாதைக்கார மனுசர். "சாவகாசமாச் சொல்லுங்க" என்றுவிட்டு டீ சொல்லப் போனார்.

மாசாணம் பதினாறு வருடமாக வீட்டு முன்னாலேயே சாய்ப்பு இறக்கி மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். பஞ்சர் ஒட்டுவது ஒரு வேலையே இல்லை. டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, சுரண்டி, பசை தடவி ஒட்டுவதைப் பச்சைக் குழந்தைகூடச் செய்யும். அந்த டியூபை வெளியே எடுக்க வேண்டுமே, அதில்தான் மனுசனுடைய சீவன் போகும். ரிம்மோடு ரிம்மாகப் பிடித்துக்கொண்டிருக்கும் டயரை முதலில் மிதித்து விலக்க வேண்டும். அப்புறம் லிவர் கம்பியைக் கொடுத்து நெம்ப வேண்டும். சுசுகி, யமஹா டயரெல்லாம் கொஞ்சம் இரக்கம் காட்டும். புல்லட் டயருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு புல்லட் டயரை நெம்பும்போது லிவர் வழுக்கி, மாசாணத்தின் வலது தோள்பட்டைக்குள் எதுவோ அறுந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி இந்தக் கையை நெஞ்சுக்கு மேல் தூக்காதே, பாரம் இழுக்காதே என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தார். வேறு என்ன சொல்வது?

அன்றிலிருந்து டயரைக் கழற்றுகிறவள் காளியாத்தாள். இது ஊருக்குத் தெரியாது. மாசாணம் சாய்ப்பில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றுவார். "தொட்டீல முக்கிப் பாத்துட்டு வாரேனுங்க" என்று சொல்லி வீட்டுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போவார். அங்கே அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு டயரின் மேல் ஏறி நின்று, குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதிப்பாள். பத்து வயதிலிருந்து பண்ணையத்தில் சேறு மிதித்த கால். டயர் விலகியதும் உட்கார்ந்து லிவரைப் போடுவாள். அவர் ரிம்மைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்குக் கேட்கும்படி இரண்டு முறை முக்குவார். ஆமாம், முக்குவார். அதை நினைத்தால் அவருக்கே கேவலமாக இருக்கும். ஒட்டி மாட்டி, சக்கரத்தைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பிதுரை, "உன்ற கைக்கு உள்ள பலம் இந்தச் சுத்துவட்டாரத்துல எவனுக்குடா இருக்குது" என்பார். "எல்லாம் உங்க புண்ணியமுங்க" என்று மாசாணம் சிரிப்பார்.

தம்பிதுரைக்கு இருபது ஏக்கர் தோட்டமும் பன்னிரண்டு தறியும் ஒரு புல்லட்டும் இருந்தன. மாசாணத்தின் அப்பன் அந்தத் தோட்டத்தில்தான் உழைத்து ஓய்ந்தார். மாசாணம் தோட்டத்தை விட்டு வெளியே வந்து லிவர் பிடித்து இத்தனை வருடமாகியும் தம்பிதுரையைப் பழைய எசமானாகவே பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். வேறு மாதிரி கூப்பிட நாக்கு வளைய வேண்டுமே. சும்மா சொல்லக்கூடாது, தம்பிதுரை வந்தால் அவர் பின்னால் நாலு வண்டி வரும்.

ஆயுத பூசைக்கு மறுநாள் புல்லட் பஞ்சர். சக்கரம் பின்னால் போயிருந்தது. தம்பிதுரைக்குக் கையில் கிரீஸ் பட்டுவிட்டது போலிருக்கிறது, கழுவத் தண்ணீர் தேடி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். காளியாத்தாள் டயரின் மேல் நின்றிருந்தாள். சந்தனப்பொட்டு அப்படியே ரிம்மில் காய்ந்திருந்தது. அவளுடைய கால் அதிலிருந்து நாலு விரல்கடை தள்ளி இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "நேத்துத்தான்டா பூசை போட்டன்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான். மறுவாரம் சோமனூர் ரோட்டுக் கடையில் அந்தப் புல்லட் நிற்பதை மாசாணம் தன் கண்ணாலேயே பார்த்தார். அவரோடு வரும் வண்டிகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

"உன்னாலதான்" என்று காளியாத்தாளிடம் சொல்லிவிட்டார். வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு நீங்களே கழட்டுங்க" என்றாள். மறுநாள் ஒரு சுசுகி வந்தது. அரைமணி நேரம் போராடினார். கண்ணில் நீர் வந்ததே தவிர டயர் வரவில்லை. கடைசியில் அவளே எழுந்து வந்தாள். ஏறி மிதித்தாள்.

அதற்குப் பிறகுதான், மதுக்கரை சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் அவள் தம்பி சொல்லி, கையால் இயக்கும் டயர் கழற்றும் ஸ்டாண்டு என்று ஒன்று உண்டு என்பதே தெரியவந்தது. கரண்ட் வேண்டாம், கம்ப்ரசர் காற்று வேண்டாம். ஆளுக்குத் தகுந்த மாதிரி செய்து கொடுப்பவர் கணபதியில் இருக்கிறார் என்றான் அவன். டயரில் காலே படாது என்பதுதான் காளியாத்தாள் காதில் விழுந்தது. பொழுதுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீ வந்தது. அறுக்கும் முன் எதை எடுப்பது என்று முடிவாகட்டும் என்று நஞ்சுண்டன் இரண்டு மாடலையும் மறுபடி காட்டினார். ஒன்று குட்டை. முழங்கால் உயரத்தில் சக்கரம் உட்காரும், பக்கத்தில் ஒரு மிதிகட்டை. அதை மிதித்தால் இரும்புக் கை இறங்கி டயரை அமுக்கும். இன்னொன்று உயரம். ஒரு தூண், அதன் தலையில் ஒரு வட்டத்தட்டு, நடுவில் முளை. அமுக்குவதும் கையால்தான். அமுக்கியபின் நீளமான கம்பியை டயருக்குள் விட்டுச் சுற்றி நடந்தால் டயர் உரிந்து வந்துவிடும்.

"சொல்லப்போனா குட்டைதானுங்க சொகம். கால்ல இருக்கற பலம் கையில வருமுங்களா?"

"மிதிக்கறது வேண்டாமுங்க" என்றாள் காளியாத்தாள்.

"மிதிக்கறது இரும்பைங்கம்மா. டயரை இல்லீங்களே."

"பாக்கறவிய அப்படிப் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. வேண்டாமுங்க."

நஞ்சுண்டனுக்கு விளங்கவில்லை. மாசாணத்தைப் பார்த்தார். மாசாணம் டீயை ஊதினார். குட்டைதான் அவளுக்குத் தோது என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"அப்ப பெருசு. எங்க பதிக்கறீங்க? நாலு போல்ட்டு, சிமெண்ட் தரை வேணும். மண்ணுல நட்டா ஆடிப்போயிருமுங்க."

மாசாணத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவர் வீட்டில் சிமெண்ட் தரை இருப்பது வாசலில் மட்டும்தான். மச்சினன் கொண்டுவந்த நாலு மூட்டையில், வருகிறவர்கள் பார்த்து மதிக்கட்டும் என்று ரோட்டைப் பார்த்த சாய்ப்புக்கு மட்டும் தளம் போட்டிருந்தார். பின்னால் முழுக்க மண். இனி ஒளிவுமறைவு கிடையாது. கம்பியைப் பிடித்துச் சுற்றுவது யாராக இருந்தாலும் ரோட்டில் போகிறவன் பார்ப்பான், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் பார்ப்பான்.

"முன்னாலதானுங்க" என்றார்.

"ஒருக்கா இழுத்துப் பாருங்கண்ணா. எதுவும் சும்மா வாங்கக்கூடாது." நஞ்சுண்டன் ஒரு பழைய யமஹா சக்கரத்தைத் தூக்கித் தட்டின் மேல் வைத்தார்.

மாசாணம் அமுக்கும் பிடியை இடதுகையால் பிடித்து, உடம்பைச் சாய்த்து இறக்கிவிட்டார். அதுவரை முடிந்தது. கம்பியை உள்ளே கொடுத்து நடக்க ஆரம்பித்தார். கால் சுற்று வந்திருப்பார், தோளிலிருந்து முழங்கை வரை தீயை வைத்த மாதிரி இருந்தது. நின்றுவிட்டார். நிற்பதைக் காட்டாமல் நிற்கப் பார்த்தார், நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நஞ்சுண்டன் நல்ல மனுசர், லேத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காளியாத்தாள் வந்து கம்பியை வாங்கினாள். பிடுங்கவில்லை. தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவதைப் போல வாங்கிக்கொண்டு நடந்தாள். தட்டு அவளுக்கு நெஞ்சு உயரம் இருந்தது. உடம்பின் பாரத்தை அதில் போட முடியவில்லை, குதிகாலை எக்கி எக்கித்தான் சுற்றினாள். மூன்றாவது எட்டில் டயர் பட்டென்று விட்டது.

"இது ஆம்பளைக்கு வெச்ச உசரமுங்க" என்றார் நஞ்சுண்டன், பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு. "உங்களுக்குச் செய்யறதை அண்ணனோட உசரத்துக்கு அறுத்துப்போட்டா, அப்பறம் யாருக்காகவும் மாத்த முடியாது. வெல்டு வெச்சா வெச்சதுதான். அதனாலதான் கேட்டனுங்க."

மாசாணம் டீ கிளாசைக் கீழே வைத்தார். தன் இடுப்பைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஊர் பார்வைக்குத் தூணின் பக்கத்தில் நிற்கிற ஆள் அவர்தான். அவள் எக்கி எக்கி இழுத்து, இன்னும் நாலைந்து வருடத்தில் அவள் தோளும் போகும். அவள் உயரத்தைச் சொன்னால், அந்தத் தூண் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இங்கே வேலை செய்கிறவள் யார் என்று போகிற வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். தம்பிதுரை வந்தாலும் வருவார், வராமலும் போவார். அவருக்காக முக்கி முக்கி மாசாணத்துக்கு அலுத்துவிட்டது. அந்த அலுப்பு தோள்வலியைவிடப் பெரிதாக இருந்தது.

"கட்டியக் குடுங்க" என்று நஞ்சுண்டனிடம் கையை நீட்டினார். "இங்க வா புள்ள."

வெட்டாத பைப் ஒன்று சுவரில் சாய்த்திருந்தது. அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காளியாத்தாள் நின்றாள். மாசாணம் அவள் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். வேற்று மனுசன் முன்னால் அவள் இடுப்பில் கை வைக்கக் கூச்சமாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, அந்த மட்டத்துக்குப் பைப்பில் இடதுகையால் ஒரு கோடு போட்டார்.

"என்ற ஊட்டுக்காரி உசரமுங்க. இவதான் கழட்டறது" என்றார்.

காளியாத்தாள் குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு விரக்கடை ஏத்திப் போடுங்க."

"எதுக்கு? இதானே உன்ற இடுப்பு."

"செருப்புப் போட்டுட்டுத்தான் நிப்பேன்."

மாசாணம் அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். கோட்டைக் கட்டைவிரலால் துடைத்தார். அவள் பைப்பை அவரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். அங்கே விட்டிருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, இரும்புத் துருவல் காலடியில் நொறுங்க நடந்து வந்து, பைப்பின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். அவர் மறுபடி அளக்க ஆரம்பித்தார்.