முதுகுக்கு ஒரு வசனம்

அன்று விடியற்காலையில் என் கணவர் ஷூ போட்ட காலால் ஹால் விளக்கை அணைத்தார். வெள்ளையடித்து ஒரு மாதம்கூட ஆகாத சுவர். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து துடைத்துவிடுவதாகச் சொன்னார். "கையாலே துடைங்க" என்றேன். சிரித்தபடி படியிறங்கிப் போனார். எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான்.

ஸ்விட்ச் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். எங்கள் ஹால் விளக்கின் ஸ்விட்ச் ஏழடி உயரத்தில் இருக்கிறது. வீடு கட்டும்போது அங்கேதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை அளவைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு, மூன்றாவது தடவை, வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். என் அம்மா வந்து சுவரை ஒரு தரம், மாப்பிள்ளையை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். ஒட்டடைக்குச்சி எட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தினமும் காலால் விளக்கைப் போட்டு அணைப்பதுதான் அவருடைய பயிற்சி. முதல் வருடம் மூன்று ஸ்விட்ச் உடைந்தது. உடைப்பதற்குப் பலம் போதும், உடையாமல் தொடுவதற்குத்தான் கராத்தே வேண்டும் என்பார். நான்காவது ஸ்விட்ச் பதினாறு வருடமாக நன்றாகவே இருந்தது.

இருபத்திரண்டு வருடம் சினிமாவில் சண்டை போட்டார். கதாநாயகர்கள் மாடியிலிருந்து குதித்தபோதெல்லாம் குதித்தது இவர். குதித்து முடித்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது அவர்கள். வில்லனின் ஆளாக அடிவாங்கும் படங்களிலும் முகம் தெரியாது. விழும்போது தாடை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். தாடை தூக்கினால் பின்மண்டை தரையில் படும். அவருக்குத் தூக்கத்தில் கட்டிலிலிருந்து விழுந்தால்கூடத் தாடை மார்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால் படப்பிடிப்பில் அவருக்கு முதுகு என்றே பெயர். முதுகு வந்தாச்சா என்பார்கள், முதுகுக்கு ஒரு டீ என்பார்கள். அவரும் போனை எடுத்தால் "முதுகு பேசுறேன்" என்பார்.

எங்களோடு இருந்த என் அம்மாவுக்கு மட்டும், மாப்பிள்ளை சினிமாவில் இருக்கிறார் என்பதில் அவர் இருந்தவரை முழு நம்பிக்கை வரவில்லை. தியேட்டரில் நான் கையைப் பிடித்துக் காட்டுவேன். "முதுகைக் காட்டி இதுதான் மாப்பிள்ளைன்னா எப்படிம்மா? ஊர்ல எல்லாருக்கும்தான் முதுகு இருக்கு" என்பாள்.

வெளியே அவர் யாரையும் அடித்ததில்லை. ஒரு தடவை தெருவில் வண்டி நிறுத்துவதில் தகராறு. எதிராளி ஊதினால் பறந்துவிடுவார், அவ்வளவு ஒல்லி. வாய் முற்றி, அந்த மனிதர் இவருடைய தோளைப் பிடித்து லேசாகத் தள்ளினார். இவருடைய உடம்புக்கு வேறென்ன தெரியும்? அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, காய்கறி வண்டியைத் தாண்டி, எட்டடி தள்ளி விழுந்தார். வழக்கப்படி கண்ணை மூடி அசையாமலும் கிடந்தார். ஒல்லி மனிதர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியவர்தான். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி வந்து வண்டியை எடுத்துப் போனார்.

இப்படி இருந்தவருக்குத்தான் ஒரு வசனம் கிடைத்தது. வில்லனின் காவலாளி வேடம். கதாநாயகன் மாடிப்படி ஏறி வருவான். இவர் வழியை மறித்து, கேமராவுக்கு நேராக முகத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் வழி இல்லை" என்று சொல்ல வேண்டும். ஒரு உதை வாங்கி, பால்கனிக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு கீழே விழ வேண்டும். உதையும் விழுவதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வசனம்தான் உயிரை வாங்கியது. வாயைத் திறந்ததும் தோள் உயரும், முஷ்டி இறுகும், 'வழி' என்ற இடத்தில் இடது கால் தானாக முன்னால் போகும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். என் பாடத்தை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பாடம் எடுத்தது அம்மா. நாற்காலியை ஹால் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் மாப்ளே அடிக்கிற மாதிரி சொல்றீங்க? ஒருத்தன் வழி கேக்கறான். இல்லேன்னு சொல்லணும். அவ்வளவுதானே?"

"அவன் கேக்கலை அத்தை, அடிக்க வர்றான்."

"அடிக்க வந்தா என்ன? நீங்க மரியாதையா சொல்லுங்க."

மூன்று வாரம் இது நடந்தது. ஒரு நாள் காலை கூரியர் கொடுக்க வந்தவர், பின்தெருவுக்கு இப்படிப் போகலாமா என்று வாசலில் நின்று கேட்டார். பல் தேய்த்துக்கொண்டிருந்த இவர், பிரஷை வெளியே எடுத்து, "இந்தப் பக்கம் வழி இல்லை" என்றார். அப்படியொரு இயல்பு. கூரியர்காரர் தலையாட்டிவிட்டு, தெருவை முழுசாகச் சுற்றிக்கொண்டு போனார். எங்கள் வீட்டை ஒட்டியே பின்தெருவுக்குச் சந்து இருக்கிறது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவந்து, "இதைத்தான் சொன்னேன்" என்றாள்.

படப்பிடிப்புக்கு முந்தின வாரம் ஹாலில் மெத்தை போட்டு விழுந்து பழகினார். ஒவ்வொரு தடவையும் தாடை மார்போடு. மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த நான் சொன்னேன்: "இந்த ஒரு தடவையாவது அந்தத் தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. அம்மா முகத்தைப் பார்க்கட்டும்." அவர் மெத்தையைத் தட்டிச் சுருட்டி வைத்தார்.

விழுந்து இறந்துவிட்டார் என்று படப்பிடிப்பு அன்று மதியம் அச்சகத்துக்குப் போன் வந்தபோது, எனக்கு முதலில் தோன்றியது அந்த வாக்கியம்தான். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். பத்து நாள் இந்த ஒன்றையே திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்கவும் வாய் வரவில்லை.

பதினோராம் நாள் ஸ்டண்ட் மாஸ்டர் வந்தார். கனத்த உடம்பு. எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். முதல் டேக்கிலேயே டைரக்டர் ஓகே சொல்லிவிட்டாராம். சுலபமாக உடையும்படி அறுத்து ஒட்டவைத்த கைப்பிடி அழகாக உடைந்தது. கீழே அட்டைப்பெட்டி அடுக்கி மெத்தை போட்டிருந்தார்கள். இவர் அதில் விழுந்து, எழுந்து, டீயும் குடித்தார். பிறகு டைரக்டரிடம் போய், இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டார். பெட்டிகளை மாற்றி அடுக்கினார்கள், கைப்பிடியை மறுபடி பொருத்தினார்கள். இரண்டாவது டேக்கில் கைப்பிடி ஒரு பக்கம்தான் உடைந்தது. மறுபக்கம் ஏதோ ஓர் ஆணி விடவில்லை. அதனால் உடம்பு திரும்பி, பெட்டிகளுக்கு வெளியே போய்விட்டது. கட் சொன்ன பிறகும் மாஸ்டர் எழுந்திரு என்று சொல்லும்வரை அசையாமல் கிடப்பது இவர் வழக்கம். அன்றும் அப்படித்தான் என்று நினைத்து டைரக்டர் கைதட்டினாராம். எல்லாரும் தட்டினார்களாம். இதைச் சொல்லும்போது மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"அண்ணே," என்றேன். "தாடை?"

அந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவர். விளக்கம் கேட்கவில்லை. "ஒட்டியிருந்துச்சு தங்கச்சி. மார்போட."

ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். மூலத்தைப் பார்க்காமல் ஒப்பமிட்டுப் பழக்கமில்லை. காட்டுங்கள் என்றேன். போனில் வைத்திருந்தார். ஓடவிட்டு, உடம்பு தரையைத் தொடும் முன் விரலை வைத்து நிறுத்தினார். தாடை ஒட்டித்தான் இருந்தது. முகம் துளியும் தெரியவில்லை. உச்சந்தலையில், அவர் எண்ணெய் தடவி மறைத்துவந்த வழுக்கை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பெண்டாட்டி பேச்சைக் கேட்காத மனிதர். பதினோரு நாளில் அன்றுதான் நான் சத்தமாக அழுதேன்.

"எதுக்கு இன்னொரு தடவை கேட்டாராம்?" என்றாள் அம்மா. சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

மாஸ்டர் போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார். பொய் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"முதல் டேக்குல அடிக்கிற மாதிரி சொல்லிட்டேன், எங்க அத்தை ஒத்துக்க மாட்டாங்கன்னான்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல அவன் கேட்டது அந்த ஒரு டேக்தான் பெரியம்மா. கேட்டு வாங்கி, சரியா சொன்னான்."

அம்மா அதன்பிறகு நான்கு மாதம், பாடம் எடுத்த அந்த நாற்காலியில் உட்காரவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடும் பேருக்குத்தான்.

படம் வந்தது. நான் போக வேண்டாமென்று இருந்தேன். அம்மாதான் மதியக் காட்சிக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டாவது டேக்கிலிருந்து வசனத்தையும், முதல் டேக்கிலிருந்து விழுவதையும் எடுத்துச் சேர்த்திருப்பதாக மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் டேக் என்றால் பார்க்கலாம். அதில் விழுந்தவர் எழுந்து டீ குடித்தவர்.

திரை முழுக்க அவருடைய முகம் வந்தது. "இந்தப் பக்கம் வழி இல்லை" என்றது, யாரோ ஒருவருடைய கட்டைக்குரலில். டப்பிங்கில் மாற்றிவிட்டிருந்தார்கள்.

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "இது யாரு?"

"அவர்தாம்மா."

"மாப்பிள்ளை குரல் இது இல்லையே. முகமும் என்னவோ போல இருக்கு. மீசை வேற."

அதற்குள் உதை விழுந்தது. அவர் சுழன்றார். கைப்பிடி உடையும் முன் ஒரு கணம் முதுகு தெரிந்தது.

"அதோ," என்றாள் அம்மா. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது மாப்பிள்ளைதான்." வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, மரியாதையாகத்தான் சொன்னார், வாயசைவைப் பார்த்தாலே தெரிந்தது என்றாள். அன்று வீட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் மின்விசிறி பழுது பார்க்க அதே எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரை நிமிர்ந்து பார்த்து, இனி ஸ்விட்சைக் கீழே இறக்கிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். நான் யோசிப்பதற்குள் அம்மா உள்ளே போய் ஒட்டடைக்குச்சியை எடுத்துவந்து, எட்டுகிறதா இல்லையா என்று அவருக்கு விளக்கைப் போட்டுக் காட்டினாள்.

ஸ்விட்ச் ஏழடி உயரத்தில்தான் இருக்கிறது.