ஒரு பெட்டிக்கு இரண்டு ஆம்ப்

1

இந்தக் கதை ஒரு துண்டுச்சீட்டில் இருந்து வந்தது. மூன்று வருஷமாகத் தகரப்பெட்டியில் கிடக்கிற சீட்டு. முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கரண்டு ஏறி இறங்கியதால்..." அடித்துவிட்டேன். பொய்.

தனுஷ்கோடியில் தொடங்குகிறேன். ராஜபாளையத்து நூல் மில்லில் பேல் கட்டிய பஞ்சுப்பொதி புரட்டுகிறவன். எழுத்துக் கற்றது இந்தச் சம்பவத்துக்குப் பிறகு. (இவனை நல்லவனாக எழுத இரண்டு தடவை பார்த்தேன். வரவில்லை.)

2

அதே மில்லில் நூல் நூற்கும் ஸ்பின்னிங் இரைச்சலில் நின்று காது போனவர் ராபர்ட்; வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மகள் ஜூடி சர்ச்சில் பாடுவாள். அவரால் பாட்டைக் கேட்க முடியாது. அடித்தொனி அதிரும் சப்வூஃபர் பெட்டிமேல் உள்ளங்காலை வைத்தால் அதிர்வாவது தெரியும் என்று ஒலி பெருக்கும் பழைய ஆம்ப் இரண்டும் அவற்றுக்கு முன்னால் மாட்டும் ஒரு ப்ரீஆம்ப்பும் வாங்கியிருந்தார். மைக்செட்டுக்கு ஒயர் இழுத்த பழக்கத்தில் தனுஷ்கோடி மாட்ட வந்தான்.

அன்று ஜூடி பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும் நாள். எப்படி மாட்டுவது என்று தனுஷ்கோடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள்.*

"படிச்சுட்டீங்களா மாமா?"

"படிச்சிட்டேன்த்தா."

பேலை ஒருவன் புரட்டினால் முதுகு போகும். இருவர் கொக்கி போட்டால் உருளும். அந்தக் கணக்கில் இரண்டு ஆம்ப்பின் ஒயரையும் சேர்த்து சப்வூஃபரில் முறுக்கினான்.

"ஏலே, என்னத்துக்கு ரெண்டையும் ஒண்ணுல முறுக்குத?" ராபர்ட் சத்தமாகத்தான் பேசுவார்.

மில் இரைச்சலில் கையால் பேசிப் பழகியவர்கள். இரண்டு பேர் தூக்கினால் பாரம் குறையும் என்று கைகாட்டினான்.

"பேலு தூக்குத புத்தி. செத்த நேரம் பொறு, பிள்ளைய கேப்போம்."

வேண்டாம் என்று கைகாட்டினான். சுவிட்சைப் போட்டான். மகளின் பதிவுசெய்த பாட்டு, முதல் அடி. ராபர்ட் கண்ணை மூடினார். "வருதுலே" என்றார்.

அடுத்து புகை. ஆம்ப் இரண்டும் போயிற்று.

"கரண்டு ஏறிருச்சுத்தா" என்றான் தனுஷ்கோடி, புகை கண்டு ஓடி வந்த ஜூடியிடம். அவன் உதட்டைப் பார்த்து ராபர்ட்டும் நம்பினார்.

* இப்போது படித்தது: "ப்ரீஆம்ப்பில் இருந்து பிரித்து இரண்டு ஆம்ப்புக்கும் கொடுக்கவும். ஒன்று ஸ்பீக்கருக்கு, ஒன்று சப்வூஃபருக்கு. ஆம்ப்பில் இருந்து வெளியே வரும் ஒயர் இரண்டையும் சேர்க்கவே கூடாது, எரிந்துவிடும்."

3

அதற்குப் பிறகு ராபர்ட் முயலவே இல்லை. "இந்த வீட்டுக் கரண்டுக்கு ஒத்துக்கிடாதுலே." அந்தப் பெட்டிமேல் இப்போது தண்ணீர்க்குடம் இருக்கிறது.

முடிவு ஒன்று: தனுஷ்கோடி உண்மையைச் சொல்கிறான். ராபர்ட் சிரித்து, வேறு ஆம்ப் தேடி...

முடிவு இரண்டு: ராபர்ட் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காது கேளாதவர் முகத்தைத் திருப்பினால் அதற்குமேல் எதுவும் போய்ச் சேராது.

4

நூல் அறுந்ததற்கு எங்களிடம் கைச்சாடை உண்டு. மேஸ்திரி வருகிறார் என்பதற்கும் உண்டு. நான்தான் கெடுத்தேன் என்பதற்கு இல்லை. அதனால்தான் எழுத்துக் கற்றேன்.

('எங்களிடம்' என்று வந்துவிட்டது. அடிக்கவில்லை.)

நாளைக் காலை இந்தத் தாளை ராபர்ட் அண்ணாச்சி கையில் கொடுப்பேன். அடியில் நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். அது நீங்கள் முடிவை எழுத, அண்ணாச்சி.