இரண்டு விரல் இடைவெளியில் ஒரு டிராக்டர்

1

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு ஒரு டிராக்டர் கதை சொல்லப்போகிறேன். டிராக்டரில் என்ன கதை இருக்கிறது என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். பதினோரு மாடும் ஒரு தோள்பட்டையும் ஒரு குடும்பமும் இதில் சிக்கிக்கிடக்கின்றன.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒருத்தி கேட்டு வாங்கிப்போக வந்தாள். எதிர்வீட்டுக்காரி. தெருவில் எல்லாரும் அவளை மாட்டுக்காரி என்பார்கள். அவளும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். வீட்டை ஒட்டிச் சரிவான நிலம். மேலே புல், கீழே கொட்டகை. தீவனக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோள் போய்விட்டது. இனிமேல் அந்தக் கையால் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள், ஒரு கட்டு டிராக்டர் விளம்பரத் தாள்களை இடது கையால் என் சாப்பாட்டு மேசைமேல் போட்டாள்.

"அக்கா, நீங்க கதை எழுதறவங்கதானே?"

"அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

"நான் டிராக்டர் வாங்கிட்ட மாதிரி ஒண்ணு எழுதுங்க. வாங்கறதுக்கு முன்னாடி கதையில ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன். எங்க இடிக்குது, எங்க மாட்டுதுன்னு தெரிஞ்சுடும்ல."

நாற்பது வருஷமாக எழுதுகிறேன். இவ்வளவு உபயோகமாக யாரும் என்னிடம் ஒன்றைக் கேட்டதில்லை.

அவசரம் ஏன் என்றால், அவள் வீட்டுக்காரர் வைத்த கெடு. அவர் தொலைதூர பஸ் ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "வெள்ளிக்கிழமை நான் வர்றப்ப, இதுதான் வண்டின்னு ஒண்ணைக் காட்டு. இல்லாட்டி சனிக்கிழமை மாட்டு வியாபாரிய வரச் சொல்லிடறேன்."

2

எழுத உட்கார்ந்தேன்.

விடியலின் பொன்னொளியில் அந்தச் சிவப்பு இயந்திரம் ஒரு [அடித்துவிட்டேன். பொன்னொளியில் பார்த்து டிராக்டர் வாங்கியவர் எவரும் மறுநாள் நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை.]

அவளுக்கு ஒரு கனவு இருந்தது. அந்தக் கனவில் அவள் [இதுவும் வேண்டாம். நாலு மணிக்குப் பால் கறக்க எழுகிறவளுக்குக் கனவு பாதியில்தான் நிற்கும்.]

பதினோரு மாடு ஒருநாளைக்கு எவ்வளவு சாணி போடும் தெரியுமா? கால் டன். [இதை வைத்துக்கொண்டேன். எண்ணிச் சொன்னது அவள்தான்.]

ஆரம்பம் கிடைத்துவிட்டது. வண்டி? அதற்கு அவளுடைய கொழுந்தனார் இருந்தார். வாசலில் நின்று ஆணி அடித்த மாதிரி சொன்னார்: "அண்ணி, வாங்கறதே வாங்கறீங்க, பெருசா வாங்குங்க. சின்னதை வாங்கினா தெருவே சிரிக்கும்." நானும் தலையாட்டிக்கொண்டு, கதையில் அவளுக்கு ஆகப் பெரியதை வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு தப்புச் செய்தேன், கண்ணுகளா. கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே என்று வண்டியைச் சரிவில் கவிழ்த்தேன். அவளைக் கொன்றுவிட்டேன். எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

3

திங்கட்கிழமை கொட்டகையில் போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கறவை மெஷினின் குழாய்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் தண்ணீரை நிறுத்தினாள்.

"எந்த கியர்ல இருந்தேன்?"

"என்னது?"

"கவுந்தப்ப. எந்த கியர்?"

"அது... எழுதல."

"பக்கெட் மேலயா கீழயா?"

(பக்கெட் என்பது டிராக்டருக்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகளின் நுனியில் இருக்கும் தொட்டி. சாணியை அள்ளும், தீவனத்தைத் தூக்கும். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.)

"நீ மேல தூக்கியிருந்ததா வையேன்."

"சரிவுல, பக்கெட்டத் தூக்கிக்கிட்டு. நேரா இறங்கினேனா, குறுக்கால போனேனா?"

"குறுக்கால போனாத்தானே கவுரும்."

"பின்னால எடை கட்டியிருந்தேனா? பெல்ட் போட்டிருந்தேனா? தலைக்கு மேல இரும்பு வளைவு இருந்துச்சா?"

(வண்டி கவிழ்ந்தாலும் ஆளை நசுக்கவிடாமல் தாங்குவது அந்த வளைவு. இதையும் எழுதவில்லை.)

"இல்ல."

குழாயை உதறி ஆணியில் மாட்டினாள். "அக்கா, என்னைக் கொன்னது டிராக்டர் இல்ல. நீங்க."

இருவரும் சிரித்தோம். ஆனால் அந்தத் தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கொழுந்தனார் அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் அவள் வீட்டுக்காரரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"நான் எதுக்குப் பயந்துட்டிருக்கேனோ அதையே எழுதியிருக்கீங்கக்கா. அவ தோள் போனா நான் வந்து தூக்குவேன். அவளே போயிட்டா?"

"அது கதைப்பா."

"கதைன்னாலும் யோசிச்சுத்தானே எழுதியிருப்பீங்க? வியாபாரிக்குச் சொல்லிட்டேன். சனிக்கிழமை வருவாரு."

யோசிக்காமல்தான் எழுதியிருந்தேன். போனை வைத்துவிட்டு அந்த ஒரு தாளையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சோம்பேறித்தனம் பதினோரு மாடுகளை விற்கப் போகிறது. இனிமேல் இந்தக் கதையில் கியர் போடாமல் ஒரு வரிகூட நகராது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

4

புதன்கிழமை இருவரும் டிராக்டர் கடைக்குப் போனோம். அவள் கையில் ஒரு புதுப் பருத்திக் கயிறு.

மாட்டுக்காரி எதையும் கயிற்றால்தான் அளப்பாள். மாட்டின் மார்பைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, முடிச்சைப் பார்த்து எடை சொல்லிவிடுவாள். எடை மேடை அவளுக்குப் பிறகுதான் அதையே சொல்லும். பழைய கயிறு இதற்கு நீளம் போதாது என்று புதிது வாங்கி மூன்று முடிச்சுப் போட்டிருந்தாள். ஒன்று, கொட்டகை வாசலின் அகலம். இன்னொன்று, அதன் உயரம். மூன்றாவது, உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து அவள் குதிகால் வரை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தொப்பலாக நனைந்து நடந்தோம்.

[இந்த மழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரர்கள் இதைப் பேச்சோடு பேச்சாக ஒளித்துவைப்பார்கள். எனக்கு உங்களிடம் ஒளிக்கத் தெரியாது.]

விற்பனைக்காரர் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலையா மேடம்?"

"சார் பஸ் ஓட்டறாரு. இதை நான்தான் ஓட்டப்போறேன்."

"அப்படிங்களா... கலர் எது மேடம் பிடிக்கும்?"

"சாணி பட்டா தெரியாத கலர்."

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் கொழுந்தனாரின் பெரிய சிவப்பு. ஏறி உட்கார்ந்தாள். இருக்கையின் நுனிக்குச் சரிந்தால்தான் கிளட்ச்சில் கட்டைவிரல் பட்டது. "உங்க கதையில நான் செத்தது நியாயம்தான்க்கா" என்று இறங்கிவிட்டாள்.

அடுத்தது ஒரு குட்டி வண்டி. கொட்டகைக்குள் வலம்வரலாம் போலிருந்தது. தீவனக் கட்டின் எடைக்கு ஒரு பாரத்தை வைத்துத் தூக்கச் சொன்னாள். முன்னாலிருந்த இரும்புக் கைகள் ஏறின, பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. "இது ஆடு வளக்கறவங்களுக்கு. என் மாடு இதைப் பாத்தா முட்டித் தள்ளிடும்."

மூன்றாவது நடுத்தரமான நீலம். கால் எட்டியது. பாரத்தைத் தூக்கியும் பின்சக்கரம் அசையவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த சாய்தளத்தில் முதல் கியரில், பிரேக்கில் கால் வைக்காமல், எறும்பு மாதிரி இறங்கிவந்தாள். இறங்கிய பிறகும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த முகத்தை எழுத நான் மூன்று தடவை முயன்றேன், அவள் முகம் ஒரு [விட்டுவிட்டேன். பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.]

பிறகு வளைவின் உச்சியிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டாள். வாசல் உயரத்துக்குப் போட்ட முடிச்சு தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. வண்டி வாசலைவிட நாலு விரல் உயரம்.

"அதனால என்ன மேடம், வளைவை மடக்கிக்கலாம். உள்ள போறப்ப மடக்குங்க, வெளிய வந்ததும் நிமித்திடுங்க."

"ஒருநாளைக்கு எட்டு தடவை போய் வரணுங்க. ஒன்பதாவது தடவை நிமித்த மறந்துட்டு மேட்டுல ஏறிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

வாசலின் நிலையையும் இடிக்க முடியாது. கூரையின் பாரம் அதன்மேல்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கயிற்றை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டே வந்தாள்.

5

கதையை இங்கே முடித்திருக்கலாம். [கையெட்டும் தூரத்தில் கிடைக்காமல் போவது. வாசகர்கள் பெருமூச்சு விடுவார்கள்.] முடிக்க மறுத்தேன். அவளும் மறுத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். கொடியில் காய்ந்த கயிற்றை எடுத்து வாசல் நிலையிலிருந்து தொங்கவிட்டபடி நின்றிருந்தாள். நிலையை எவ்வளவு செதுக்கலாம் என்று பார்க்க வந்தாளாம். அதே முடிச்சு, அதே வாசல். ஆனால் இப்போது முடிச்சு தரைக்கு ஆறு விரல் மேலே நின்றது.

"அக்கா, வாசல் வளந்துடுச்சா?"

இருவரும் வாசலை மேலும் கீழும் பார்த்தோம். பிறகு அவள் கயிற்றை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புதுக் கயிறு. நனைஞ்சா சுருங்கும். புதுசா கட்டினா மாட்டுக்கு ரெண்டு விரல் தளர்த்தியா விட்டுத்தான் கட்டுவேன், முதல் மழைக்கு இறுகிடும்னு. மாட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே."

கடையில் அளந்ததும் மழையில் சுருங்கிய இதே கயிற்றால்தான். ஆறு விரல் சுருங்கிய கயிற்றுக்கு வண்டி நாலு விரல் அதிகம். அப்படியானால் வண்டி உள்ளே போகும். மேலே இரண்டு விரல் இடைவெளி.

"ரெண்டு விரல் போதுமா? ஒரு குலுங்கு குலுங்கினா இடிச்சுடுமே" என்றேன்.

அவள் வாசல் தரையைக் குதிகாலால் தட்டினாள். பல வருஷச் சாணியும் மண்ணும் மிதிபட்டுக் கல்லாக இறுகியிருந்தது. "கீழ இருக்கே. இதைப் பேத்து எடுத்தா எவ்வளவு வருதோ அவ்வளவு." கடைக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை காலை நீல வண்டியை லாரியில் ஏற்றி வந்து, இங்கேயே ஓட்டிப் பார்க்கத் தருவதாகச் சொன்னார்கள்.

6

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் புதிதாக எழுதியதை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் மண்டியிட்டு, உளியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் சுத்தியலைப் போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு முறத்தளவு பெயர்ந்திருந்தது.

அவள் வீட்டுக்காரர் யூனிஃபார்மோடு வந்து நின்றார்.

"என்ன பண்றே?"

"வாசலைத் தாழ்த்தறேன்."

"வாசலையா?"

"மாட்டை விக்கறதைவிட இது சுலபம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என் தாள்களைச் சத்தமாகப் படித்தேன். பொன்னொளி கிடையாது, சாவு கிடையாது. எந்த கியர், எந்தப் பக்கம், எவ்வளவு பாரம், இவ்வளவுதான். நடுவில் கை காட்டி நிறுத்தினார். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார்.

"மேட்டுலேருந்து இறங்கறப்ப?"

"முதல் கியர். நேரா. பக்கெட் தரையை ஒட்டி. பின்னால எடை. பெல்ட். வளைவு எப்பவும் நிமிந்தே."

"நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வருவியா?"

"இருபது வருஷமா டிரைவர் பொண்டாட்டி. கேக்கற கேள்வியப் பாரு."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சா மேல ஏற மாட்டேன். மாடு அன்னிக்குச் சேத்து வச்சதைத் தின்னட்டும்."

அவர் சரிவை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டுத் தொட்டியின் விளிம்பில் போட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தள்ளு."

"அப்ப வியாபாரிய வேணாம்னு சொல்லிடலாமா?"

"வரட்டும். வண்டியும் வரட்டும். உள்ள நுழைஞ்சா மாடு நிக்கும். நிலையில இடிச்சா மாடு போகும். அதுக்கப்புறம் என்கிட்ட பேசக்கூடாது."

"பேசமாட்டேன்."

(பேசுவாள். அது வேறு விஷயம்.)

7

இப்போது சனிக்கிழமை காலை. இதை எழுதும் மேசையிலிருந்து பார்த்தால் அவர்கள் கொட்டகை வாசல் தெரிகிறது. லாரி வந்துவிட்டது. நீல வண்டி இறங்கி, கொட்டகைக்கு நேராக நிற்கிறது. மாட்டு வியாபாரி ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நேற்று எத்தனை விரல் பெயர்ந்தது என்று அளக்கவில்லை. கயிற்றின்மேல் இனிமேல் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் நிலைக்குப் பக்கத்தில், வளைவின் உச்சியைப் பார்க்கத் தோதாக, கவிழ்த்த வாளியின்மேல் ஏறி நிற்கிறார்.

மூன்று முடிவு எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் வளைவு உரசாமல் உள்ளே போகிறது, பதினோரு மாடும் திரும்பிப் பார்க்கின்றன. ஒன்றில் ஒரு விரல் இடிக்கிறது. இன்னொன்றில் அவர் நிறுத்தச் சொல்லிக் கை தூக்குகிறார், அவள் [மூன்றையும் கிழித்துப்போட்டேன்.]

இஞ்சின் சத்தம் கேட்கிறது. பெல்ட்டை மாட்டிக்கொண்டே என் ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்துகிறாள்:

"அக்கா, முடிவு எழுதிட்டீங்களா?"

"இல்லடி."

"எழுதாதீங்க. நான் ஓட்டிட்டு வந்து சொல்றேன்."

ஒருமுறை அவளுக்குப் பதிலாக முடிவெழுதியவள் நான். இந்தமுறை பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போகிறேன். அந்த வாளிக்குப் பக்கத்தில் எனக்கும் நிற்க இடம் இருக்கும். அவள் கால் கிளட்ச்சில் இருக்கிறது. முதல் கியர். பக்கெட் தரையை ஒட்டி. இத்தனை தூரம் கூடவே வந்தீர்கள். வாசலைப் பார்த்து நீங்களும் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள். அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆசைப்பட்டுக் கொண்டுவருவது எதுவாக இருந்தாலும், உங்கள் வீட்டு வாசல் அதைவிட இரண்டு விரல் உயரமாகவே இருக்கட்டும், கண்ணுகளா. உள்ளே நுழைகிறபோது மேலே பார்த்துச் சொல்ல உங்களுக்கு ஓர் ஆள் இருக்கட்டும். மேட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் நேராக இறங்கி வீடு வந்து சேரட்டும்.