கதவுநிலையில் ஒரு கோடு

11.12.1962, செவ்வாய்க்கிழமை

நேற்றைய வகுப்பில் ஒரு பிழை விட்டேன். சின்னப் பிழை என்றுதான் நேற்று இந்தக் கொப்பியில் எழுதினேன். இன்று 'சின்ன' என்பதை வெட்டிவிட்டேன்.

நான் எழுத்துப் படிப்பிக்கும் மாதர் சங்கத்து மாலை வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். எல்லோருமாகச் சேர்ந்து வருட முடிவுக்குள் ஓர் ஒட்டுப் புத்தகம் செய்கிறோம். அதில் குளிர்காலப் பக்கங்கள் என் பொறுப்பு. கொழும்பில் தாதியாக இருக்கும் சின்னம்மா அனுப்பிய நத்தார் வாழ்த்து அட்டையில் பனி சூழ்ந்த வீடு ஒன்று இருந்தது. அதைச் சுவரில் குத்திவைத்து, மூன்று விதமான தாள்கள் தயாரித்தேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வீட்டின் கோட்டுப்படமும், ஒட்டுவதற்கு இலவம்பஞ்சும். எழுத்துக்கூட்டுபவர்களுக்குப் படத்தின் கீழே எழுத்து நிரப்ப நாலு கட்டம். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஐந்து வரி எழுத வெறும் இடம். இப்படிப் பிரிப்பது சரியா என்று மூன்று நாள் யோசித்தேன். அட்டையிலுள்ள பனியைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

இரஞ்சிதம் அக்கா முதல் வகை. இரண்டு மாதமாக வருகிறார்; இப்போதுதான் கையெழுத்து வைக்கப் பழகுகிறார். பஞ்சைக் கூரையில் ஒட்டச் சொல்லியிருந்தேன். அவர் கூரையைத் தொடவில்லை. வாசலில் தொடங்கி, கதவின் பாதிக்கு மேல்வரை அடர்த்தியாக ஒட்டியிருந்தார். யாரையும் கேட்காமல் அவர் செய்த முதல் வேலை அது. நான், "இது பனி அக்கா, மேலயிருந்து விழுறது" என்று சொல்லி, பசை காயுமுன் பிய்த்துக் கூரையில் வைத்துக் காட்டினேன்.

பக்கத்திலிருந்த கமலாசனி, "உந்தப் பஞ்சைத் தலையணைக்குள்ள அடைச்சிருந்தா நித்திரை எண்டாலும் வந்திருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை கழுவப் போன இரஞ்சிதம் அக்கா திரும்பி வரவில்லை.

இன்று காலை கமலாசனி வந்து, அவர் இனி வகுப்புக்கு வரமாட்டாராம் என்றாள். அவர் வராவிட்டால் அதற்குக் காரணம் நான்தான். பின்னேரம் மழை விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியாக அவர் வீட்டுக்குப் போனேன்.

நனைந்த விறகை விறாந்தையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்க வழியில் நாலு வசனம் யோசித்து வைத்திருந்தேன்; இரண்டுதான் வாயில் வந்தது. அவர் விறகை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"உன்ர அட்டையில வீட்டைச் சுத்தி வெள்ளையாக் கிடந்தது. நான் எங்கட வெள்ளமெண்டு நினைச்சன். ஐம்பத்தேழில நுரைச்சுக்கொண்டெல்லே வந்தது."

எழும்பிப் போய்க் கதவுநிலையைக் காட்டினார். கத்தியால் கீறிய கோடு ஒன்று. தண்ணீர் வடிந்த அன்று அவருடைய கணவர் கீறியதாம். பொங்கலுக்குப் பொங்கல் கறையான் அரிக்காமல் நிலைக்குக் கழிவெண்ணெய் பூசும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவார்களாம்.

"மூத்தவளைத் தோளில வச்சுக்கொண்டு விடியுமட்டும் இவர் இதிலதான் நிண்டவர். எனக்கு எழுதத்தான் தெரியாது, தங்கச்சி. தண்ணி எதுமட்டும் வந்ததெண்டு தெரியும்."

நிலையையும் அந்தக் கோட்டின் உயரத்தையும் சாணால் அளந்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு வருவீங்களோ அக்கா?"

"பிறகும் பிய்ப்பியோ?"

இல்லை என்றேன். அவர் மிச்ச விறகை அடுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் நானும் எடுத்துக் கொடுத்தேன்.

நிலை ஆறடி. கோடு கிட்டத்தட்ட நாலடியில்.

நாளைக்கு: இரஞ்சிதம் அக்காவுக்குப் புதுத் தாள். கூரை வேண்டாம், கதவுநிலை மட்டும், ஆறு அங்குல உயரத்தில். கோட்டை நான் போடக்கூடாது. பஞ்சு இரண்டு பிடி. மாப்பசை ஒரு சிரட்டை, வகுப்புக்கு முன் காய்ச்ச வேண்டும்.