எதிர்வீட்டுக்காரியின் ஈரத்தலை

காலை ஆறரை மணிக்குக் குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் அந்தத் தெருவுக்குள் ஒரு ஸ்கூட்டர் நுழையும். ஓட்டி வருகிறவள் ஸ்ரீதேவி. தலையில் சுற்றிய துண்டு, முதுகில் சொட்டும் ஈரம், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறாள், அதுவும் தனியாக. எதிர்வீட்டு அடுப்படியில் நாலாவது ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருக்கும் சங்கரேஸ்வரிக்கு அந்த வண்டிச் சத்தம் கேட்டதுமே வயிறு எரியும்.

"வந்துட்டா மகாராணி" என்று கரண்டியை நங்கென்று வைப்பாள்.

அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குற்றாலத்துப் பக்கம் வாக்கப்பட்ட பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனி ஆடி வந்து சாரல் விழுந்துவிட்டால் வீடு சத்திரமாகிவிடும். மதுரையிலிருந்து, தூத்துக்குடியிலிருந்து என்று கார் காராக உறவு வந்து இறங்கும். அவர்கள் அருவிக்குப் போவார்கள். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு பசியோடு திரும்புவார்கள். அவர்களுக்குச் சுடச்சுட எடுத்துவைக்கவும், ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போடவும் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சங்கரேஸ்வரி. ஊரெல்லாம் தேடி வந்து குளிக்கிற தண்ணீரில் அவள் தலை நனைந்து ஆறு வருஷம் ஆகிறது. அருவியோ வண்டியில் போனால் கால் மணி நேரம்!

புருஷன் செந்தில்வேல் கெட்டவன் இல்லை. தென்காசியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, தெருவில் நல்ல பேர். இந்த நல்ல பேர்தான் சில பெண்களுக்குப் பெரிய தொந்தரவு. யாரிடம் போய் என்ன குறை சொல்வது? போன வருஷம் ஒரு நாள் அவள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வாட்டி நானும் ஒரு நாள் அருவிக்குப் போய்ட்டு வரட்டுமா?"

"அங்கன ஒரே கூட்டம்ட்டி. நீ எதுக்கு அதுக்குள்ள போய் இடிபடுத? அதான் பாத்ரூம்ல ஷவர் போட்டுத் தந்திருக்கேன்லா."

அருவிக்குப் பதில் ஷவராம்! சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை வேறு. அதோடு அவள் கேட்பதை விட்டாள். ஆசையை விட முடியவில்லை. கேட்க வழியில்லாத அந்த ஆசை எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

எதிர்வீட்டு நடப்பு அவளுக்கு அத்துப்படி. ஸ்ரீதேவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒன்பது மணிக்குப் போனால் போதும். அவள் அருவியில் நிற்கிற நேரத்தில் அவள் புருஷன் தாணுமாலயன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தோசை சுடுகிறான். தெரு பார்க்கச் சுடுகிறான்! ஒரு நாள் ஸ்ரீதேவி வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டே ஏதோ பாட்டை முனகினாள். அன்று முழுவதும் சங்கரேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. என்னைவிட நாலு வயசு சின்னவள். என்னைவிட என்னத்தில் ஒசத்தி? அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வாழ்வு?

பொறாமை வந்துவிட்டால் மனுஷ புத்தி போகிற போக்கே தனி. ஒரு செவ்வாய்க்கிழமை தாணுமாலயன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோலப்பொடி டப்பாவோடு சங்கரேஸ்வரி அவனிடம் போனாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. சொல்லாம இருக்கவும் முடியல."

"சொல்லுங்கக்கா."

"எங்க வீட்டுக்கு வந்தவங்க பாத்தாங்களாம். அருவிப் பக்கம் டீக்கடையில ஸ்ரீதேவி தினமும் ஒரு ஆள்கூடச் சிரிச்சுப் பேசிட்டு நிக்காளாம். யாராவது தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும். ஆனா பாக்குதவங்க நாலு விதமாப் பேசுவாங்கல்லா?"

அத்தனையும் கட்டுக்கதை. வந்த விருந்தாளிகளுக்கு ஸ்ரீதேவி கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. தாணுமாலயன் வண்டி துடைப்பதை நிறுத்தினான். "சரிக்கா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் ஸ்கூட்டர் அருவிக்குக் கிளம்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வண்டிச் சாவி தாணுமாலயனின் சட்டைப்பைக்குப் போய்விட்டது. அவனே ஸ்ரீதேவியைக் கடையில் கொண்டுபோய் விட்டான், அவனே கூட்டி வந்தான். "ஒடம்புக்கு ஆகாது, இனிமே அருவி வேண்டாம்" என்று ஒரு சாக்கு. கேட்டதை அவளிடம் சொல்லவும் இல்லை, உண்மையா என்று விசாரிக்கவும் இல்லை. என்ன ஏதென்று புரியாமல் அவள் மனசுக்குள் குமைந்தாள்.

சங்கரேஸ்வரிக்கு முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூடி மறைப்பானேன், சந்தோஷமாகவே இருந்தது. 'வா, நீயும் என்னைய மாதிரி இங்கனயே கிட' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்திருந்த உறவெல்லாம் அருவிக்குப் போயிருந்தது. செந்தில்வேல் மட்டும் சாப்பிட உட்கார்ந்தான்.

"பாத்தியாட்டி, எதிர்த்த வீட்டுக்காரன் ஒரு வழியா பொண்டாட்டிய அடக்கிட்டான். இத்தன நாளா என்ன ஆட்டம்! அவளப் பாத்துட்டு நீயும் எங்கயாச்சும் கெளம்பிருவியோன்னு எனக்கு உள்ளூர ஒரு பயம். இனிமே அந்தக் கவல இல்ல. சாம்பார் ஊத்து."

சங்கரேஸ்வரி சாம்பார்ச் சட்டியைக் கையில் எடுத்தாள். ஓகோ, இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு பயம் இருந்திருக்கிறதா? தெருவில் ஒரு பெண் தன் இஷ்டத்துக்குப் போய் வந்தவரை, என்றைக்காவது ஒரு நாள் தானும் கிளம்பலாம் என்று ஒரு வழி இருந்திருக்கிறது. அந்த வழியைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டாள். 'அடப் பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!'

சாம்பார்ச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள். "எங்கட்டி போற?" என்று செந்தில்வேல் எச்சில் கையோடு பின்னாலேயே வந்தான்.

எதிர்வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஸ்ரீதேவியின் முகம் வாடிப்போயிருந்தது.

"தம்பி, அன்னைக்கு டீக்கடையில யார்கூடயோ நின்னான்னு ஸ்ரீதேவியப் பத்திச் சொன்னேன்லா, அது பொய். யாரும் பாக்கல, யாரும் சொல்லல. நானாக் கட்டிவிட்டது" என்றாள் சங்கரேஸ்வரி.

ஸ்ரீதேவிக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியை எடுத்து நீட்டினான்.

"சரி, விடு. நாளையில இருந்து நீ அருவிக்குப் போய்ட்டு வா."

"நீங்க போன்னா போகணும், நில்லுன்னா நிக்கணும், அப்படித்தான? எட்டு வருஷமா கூட இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலியே உங்களுக்கு? உங்க தயவுலதான் இத்தன நாளும் போய்ட்டு வந்திருக்கேன்னு இப்பதான் தெரியுது." சாவியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு சங்கரேஸ்வரியிடம் திரும்பினாள். "ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?"

"பொறாமதான், வேற என்ன? உன் ஈரத்தலையப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா வண்டியில பின்னால ஏத்திட்டுப் போயிருப்பேனேக்கா."

நாலு அறை அறைந்திருந்தால்கூட சங்கரேஸ்வரி தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியாமல் அங்கேயே நின்று அழுதாள். அழாதீங்க என்று ஸ்ரீதேவி சொல்லவில்லை. உடனே மன்னித்துவிடுகிற காரியமா இது?

செந்தில்வேலுக்கு அவமானம் தாங்கவில்லை. "மானத்த வாங்காத. வீட்டுக்கு வாட்டி" என்று பல்லைக் கடித்தான்.

சங்கரேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாரேன். ஆனா நாளைக்குக் காலையில நான் ஐந்தருவிக்குப் போறேன். விருந்தாளுகள நீங்க பாத்துக்கிடுங்க."

"யாரக் கேட்டுப் போற?"

"யாரையும் கேக்கல. கேட்டு வாங்குனா, நெனச்ச நேரத்துல புடுங்கிருவீங்கன்னு இந்தா கண்ணு முன்னாலயே பாத்துட்டேன். அடுத்தவளுக்குக் கெடச்சதக் கெடுத்தா என் மனசு ஆறிரும்னு நெனச்சேன். ஆறல, என் வழியும் சேந்து அடஞ்சு போச்சு. பொண்டாட்டின்னாலும் அவ ஒரு மனுஷி, அவளுக்குன்னு ஒரு ஆச இருக்கும்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும். அது நீங்க குடுத்து நான் வாங்குத பொருள் இல்லன்னு நானும் தெரிஞ்சுக்கிடணும். அதனால கேக்கலங்க. சொல்லிட்டுப் போறேன்."