மோதிர விரல்

மேடையின் பின்பக்கம் கறுப்புத் துணி கட்டி, அதற்கும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. "இங்கதான்க்கா நீங்க" என்றான் குழுத் தலைவன் ஷ்யாம். ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. முறை வரும்வரை உட்கார்ந்திருக்கும் இடம் போலிருக்கிறது என்று நினைத்து, கிதார்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் நரசிம்மன் வந்தான். ஷ்யாமின் அறைத்தோழன், தோள்வரை முடி வளர்த்தவன், மூன்று மாதமாகப் பயிற்சி நடந்த அறையில் கட்டிலில் படுத்துச் சிப்ஸ் தின்றதைத் தவிர இசையோடு வேறு சம்பந்தமே இல்லாதவன். அவன் தோளில் பளபளவென்று ஒரு பேஸ் கிதார் தொங்கியது. அதிலிருந்து எந்த ஒயரும் எங்கேயும் போகவில்லை.

"இன்னாடா இது?" என்றாள். மூன்று மாதமாகத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டவள்.

ஷ்யாம் குரலைத் தாழ்த்தினான். "ரூல்ஸ்க்கா. ஸ்டூடண்ட்ஸ் மட்டும்தான் ஸ்டேஜ் ஏறணுமாம். நீங்க இங்கேருந்து வாசிச்சா சவுண்டு ஸ்பீக்கர்ல வந்துடும். நரசி சும்மா முன்னாடி நிப்பான். யாருக்கும் தெரியாது."

"இந்த ரூல்ஸு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஃபார்ம் ஃபில் பண்றப்பவே..."

"எல்லாப் பேப்பரும் என் கடைலதானே அடிப்பீங்க. அந்த ஃபாரத்த மட்டும் எங்க அடிச்சீங்க?"

ஷ்யாம் தன் ஷூவைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசிக்கும் அபிஷேக் நின்றிருந்தான். அவளைக் கண்டுபிடித்து அழைத்து வந்தவனே அவன்தான். அவன் குச்சிகளை உருட்டிக்கொண்டிருந்தான்.

கேளம்பாக்கத்துக்கு அப்பால், அவர்கள் படித்த பொறியியல் கல்லூரியின் வாசலுக்கு எதிரே ஜெசிந்தா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். டைப்பிங், ஸ்பைரல் பைண்டிங், கலர் பிரிண்ட். கோவளத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து ஷட்டரைத் தூக்கினால் இருட்டும்போது இறக்குவாள். வயது முப்பத்தொன்று. கோவளம் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கென்று வாங்கிய பேஸ் கிதாரை வாசித்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் மஸ்கட்டுக்குப் போய்விட, அடுத்த ஞாயிறு பூசைக்கு ஆள் இல்லாமல் அவள் எடுத்து மாட்டிக்கொண்டாள். அது ஆறு வருடத்துக்கு முந்தைய கதை. சனிக்கிழமைகளில் கடையிலிருந்து நேராகப் பாட்டுப் பயிற்சிக்குப் போவதால் கிதார் கவுன்டருக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். இரண்டாயிரத்து மூன்று நவம்பரில் ப்ராஜெக்ட் அடிக்க வந்த அபிஷேக் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான். அவர்களுடைய பேஸ் வாசிப்பவன் படிப்பு முடித்து அமெரிக்கா போய்விட்டிருந்தான்.

அவர்கள் வாசித்த மெட்டல் இசை என்றால் என்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது. ஷ்யாம் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் முதல்முறை போட்டிக்கான பாட்டைக் கேட்டபோது மாவு மில்லுக்குள் நிற்பது போலிருந்தது. அபிஷேக் கம்ப்யூட்டரில் ஒரு டிக் டிக் ஓசையை ஓடவிட்டு, அதற்கு மேல் டிரம்ஸ் அடித்துக் காட்டினான். நொடிக்குப் பதின்மூன்று அடி. அத்தனைக்கும் பேஸ் ஒன்றுகூடத் தப்பாமல் கூடவே ஓட வேண்டும். இரண்டு விரலால் முயன்று பார்த்தாள். பாதிப் பாட்டில் கை கல்லாகிவிட்டது. மோதிர விரலையும் சேர்த்துக்கொள் என்று அமெரிக்கா போனவன் எழுதி அனுப்பியிருந்தான். மோதிர விரல், நடுவிரல், ஆட்காட்டி விரல், மறுபடி மோதிர விரல். சொல்ல எளிது. பாட்டு நான்கு நான்காகப் போகிறது, விரலோ மூன்று. அதனால் ஒவ்வொரு நான்கின் முதல் அடிக்கும் வேறொரு விரல் தலைமைக்கு வருகிறது. மோதிர விரலின் முறை வரும்போது மட்டும் ஓசை நொண்டும். எல்லாருக்கும் அங்கேதான் மாட்டும் என்றான் ஷ்யாம்.

அவளுக்கு மாட்டவில்லை. திருப்போரூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்தவள் அவள். அந்தப் பழைய இரும்பு மெஷினில் மோதிர விரல் சோம்பினால் 'எல்' என்ற எழுத்து வெளிறி விழும். கார்பன் தாளில் விழவே விழாது. மாஸ்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெளிறிய எழுத்தையெல்லாம் சிவப்பு மையில் சுழிப்பார். இரண்டு வருடம் சுழித்தார். அந்த விரல் யாருக்கும் இளைத்ததில்லை.

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. வேகம் வேண்டுமென்றால் அடிக்கக்கூடாது. கம்பியைப் பலமாக இழுத்தால் அது கட்டையில் மோதிச் சடசடக்கும், முன்கை இறுகும், ஒரு நிமிடத்தில் விரல் நின்றுபோகும். தூசி தட்டுவதுபோல் தொட்டால் போதும். சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். கட்டை விரலை மேல் கம்பிகளின் மீது படுக்க வைத்து, வாசிக்காத கம்பி முனகாமல் அமுக்கிக்கொள்ள வேண்டும். கிதாரின் அடிமுனையில், கம்பி விறைப்பாக இருக்கும் இடத்தில் கையை வைக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கடையில் மெஷின் ஓடும்போதும் வீட்டில் அம்மா ஞானம்மாள் தூங்கியபிறகும் அவளே கண்டுபிடித்தாள். முதலில் நொடிமுள் ஓடும் வேகத்துக்கு, பிறகு வாரம் கொஞ்சமாக ஏற்றி, ஜனவரியில் முழு வேகத்தைத் தொட்டாள். பாட்டின் நடுவில் கிதார்கள் எல்லாம் நின்று, பேஸும் டிரம்ஸும் மட்டும் ஓடும் பகுதி ஒன்று உண்டு. அது முழுக்க அவள் போட்டது. முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு ஷ்யாம் அவள் காலில் விழுவதுபோல் விளையாட்டுக் காட்டினான். "ஸ்டேஜ்ல நீங்க வந்து நின்னா செத்தானுங்கக்கா" என்றான். நிற்பீர்கள் என்று அவன் சொல்லவே இல்லை, நின்றால் என்றுதான் சொன்னான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். கறுப்பில் ஒரு சுடிதார் தைத்துப் போட்டு வந்திருந்தாள். அதை நினைத்தபோதுதான் முகம் எரிந்தது.

எழுந்து போய்விடலாம். பையைத் தோளில்கூட மாட்டிவிட்டாள். அதற்குள் மைக்கில் குழுவின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மாமல்லபுரத்துக்கு முன்னால், கடற்கரைச் சாலையை ஒட்டிய வேறொரு கல்லூரி மைதானம். ஆளுயர ஸ்பீக்கர்கள் இருபக்கமும் அடுக்கியிருந்தன. இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். கோயிலில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி. தான் போட்ட அந்தப் பகுதி அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கும் என்று அறிந்துகொள்ளாமல் போக அவளால் முடியவில்லை. அதற்காகத் தன்மீதே எரிச்சல் வந்தது. ஒயரை எடுத்துச் சொருகினாள்.

முதல் அடியிலேயே தரை அதிர்ந்தது. கறுப்புத் துணியின் இணைப்பில் ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியே நரசிம்மனின் முதுகும் முடியும் தெரிந்தன. தலையைச் சுழற்றிச் சுழற்றி ஆடினான். இவள் விரல் எழுப்பும் ஓசைக்கு அவன் கை சோறு பிசைந்துகொண்டிருந்தது. "நரசி! நரசி!" என்று கூட்டம் கத்தியது. அந்தப் பெயர் காதில் விழ விழ அவள் கம்பியை அறையத் தொடங்கினாள். சடசடவென்று கட்டையில் இடித்தது. முன்கையில் இறுக்கம் ஏறியது. மோதிர விரல் பின்தங்கியது. நடுப்பகுதிக்கு இன்னும் எட்டே எட்டுச் சுற்றுகள். அபிஷேக் டிரம்ஸ் அடித்தபடியே துணிப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. பயப்படு, என்று நினைத்தாள். நான் நிறுத்தினால் தொலைந்தீர்கள். ஆனால் தொலையப்போவது அவள் போட்ட பகுதியும்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு தோளைத் தளர்த்தினாள். கோபத்தைக் கழுத்துக்கு மேலேயே நிறுத்திவைத்து, விரலை மட்டும் தனியாக அனுப்பினாள். கிதார்கள் நின்றன. மூன்று விரலும் ஒரே விரல்போல ஓடின. கூட்டம் அலறியது. நரசிம்மன் கையை உயர்த்திக் கும்பிட்டான். அந்தக் கணத்திலும் பேஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பாட்டு முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் மைக்கை வாங்கினார். நரைத்த தாடி, நிதானமான குரல். "பேஸ் வாசிச்ச தம்பி, அந்த நடுப் போர்ஷன் பிரமாதம். மூணு விரல் இவ்வளவு சமமா விழுந்து நான் கேட்டதே இல்ல. எனக்கு ஒரு சின்ன சந்தேகம் இருக்கு. அத மட்டும் தனியா ஒருதடவ வாசியேன்."

நரசிம்மன் சிரித்தபடி நின்றான். சிரிப்பு மெல்ல உறைந்தது. ஷ்யாம் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். "அக்கா, ப்ளீஸ்க்கா. ஒரே ஒருதடவ. அவன் திரும்பி நின்னுக்குவான்."

"தள்ளுடா."

கிதாரோடு துணியை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். மேடைப் பாதியில் ஒயர் இழுத்துப் பிடித்தது. அதற்குமேல் போக முடியாது. அங்கேயே நின்றாள். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எதிரே ஒரு முகமும் தெரியவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றார் நடுவர்.

"ஜெசிந்தா. இவுங்க காலேஜு எதிருல ஜெராக்ஸ் கடை. வாசிச்சது நான்தான்."

கூட்டத்தில் சலசலப்பு. அவள் காத்திருக்கவில்லை. எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அடித்தாள். அடிக்கத்தான் செய்தாள்; அத்தனை கோபமும் விரலில் இறங்கிவிட்டது. மூன்றாவது சுற்றில் கை பூட்டிக்கொண்டது. ஓசை தடுக்கி விழுந்து நின்றது. எங்கிருந்தோ ஒரு நீள விசில், பிறகு சிரிப்பு. வாசித்தது இவளில்லை என்றே எல்லாரும் நினைப்பார்கள் என்ற நிம்மதி ஷ்யாமின் முகத்தில் படர்வதைப் பார்த்தாள். பின்னாலிருந்து அபிஷேக் உதவுகிறவன்போல் இரண்டு குச்சிகளையும் தட்டித் தாளம் கொடுக்க ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு" என்றாள். பக்கத்து மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

கையை இரண்டுமுறை உதறினாள். மீண்டும் தொடங்கினாள், இம்முறை நத்தை வேகத்தில். ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, ஒரே கனத்தில். எந்த விரலின் அடி என்று பிரித்தறிய முடியாதபடி. சிரித்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சற்றே ஏற்றினாள். இன்னும் சற்று. சிரிப்பு ஓய்ந்தது எப்போது என்று அவள் கவனிக்கவில்லை. முழு வேகம் வந்தபோது விரல்கள் கம்பியைத் தொடுகின்றனவா என்றே தெரியாத அளவுக்கு லேசாக இருந்தன. ஸ்பீக்கர்கள் மட்டும் உறுமின. நிறுத்தினாள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ தட்ட, அது பரவியது.

நடுவர் அவளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடி பேசினார். "நல்லா இருக்கு. ஆனா ரூல்ஸ் ரூல்ஸ்தான். இந்தக் குழு போட்டியில இல்ல." அடுத்த குழுவின் பெயரைப் படித்தார். கேட்டதே நீதானே என்று அவரிடமும் கத்த வேண்டும்போல் இருந்தது. ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கினாள்.

வேன் நின்ற இடத்தில் ஷ்யாம் அவளை மறித்தான். கண் சிவந்திருந்தது. "மூணு மாசம்க்கா. எங்க எல்லாரோட மூணு மாசம். உங்க ஈகோவுக்காகப் போச்சு."

"எனக்கு எத்தினி மாசம்டா? எனக்கு மட்டும் வேற காலண்டரா மாட்டிக் கீது?"

"இனிமே எங்க காலேஜ்லேருந்து ஒருத்தன் உங்க கடைப்படி ஏற மாட்டான். பாத்துக்கங்க."

"ஏறாத. ஆனா நான் போட்டத வேற எவனாச்சும் வாசிச்சிகினு திரிஞ்சான்னு கேள்விப்பட்டேன், அங்கயும் வந்து நிப்பேன்."

அவன் வேனில் ஏறிக் கதவை இழுத்து அடைத்தான். பின்கண்ணாடி வழியே அபிஷேக் பார்த்தான். வாயைத் திறப்பான்போல் இருந்தது. வேன் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. நாளைக்குக் கடை திறக்க வேண்டும். அந்தக் கல்லூரியை நம்பித்தான் இரண்டாவது மெஷினே வாங்கியிருந்தாள்.

கடற்கரைச் சாலையில் முக்கால் மணி நேரம் நின்றபிறகு பஸ் வந்தது. முன்கை வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. உள்ளே ஒரே ஓர் இடம், அலுமினிய அன்னக்கூடையைக் காலடியில் வைத்திருந்த மீன்காரம்மாவின் பக்கத்தில். திருக்கழுக்குன்றத்தில் விற்றுவிட்டு நெம்மேலிக் குப்பத்துக்குத் திரும்புகிறாளாம், பெயர் முனியம்மா. அவளாகவே சொன்னாள். ஜெசிந்தா முன்சீட்டுக் கம்பியையே வெறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்டாப் தாண்டியது.

"உள்ள இன்னாம்மா கீது, இம்மாம் நீட்டுக்கு?"

"கிதாரு."

"நீ அடிப்பியா?"

"அடிப்பேன்."

"எங்க, ஒருதபா அடி."

"கரண்டு இல்லாம சத்தம் வராதும்மா."

"வராட்டி போவுது. அடியேன்."

எரிச்சலோடுதான் பையின் ஜிப்பைப் பாதிவரை இறக்கினாள். தடித்த கம்பியை மோதிர விரலால் தொட்டாள். எஞ்சின் இரைச்சலிலும் ஜன்னல் கண்ணாடிகளின் கடகடப்பிலும் ஒன்றுமே கேட்கவில்லை.

"வர்லியே."

"அதான் சொன்னேனே."

முனியம்மா விடவில்லை. கூடையைக் காலால் தள்ளிவிட்டு, முந்தானையால் காதைத் துடைத்து, தோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, கிதாரின் மரத்தில் காதைப் பதித்தாள்.

"இப்ப அடி."

ஜெசிந்தா வாசித்தாள். வெளியே சவுக்குத் தோப்பு முடிந்து கடல் திறந்தது. நெம்மேலி, நெம்மேலி என்று கத்தியபடி கண்டக்டர் சீட்டருகே வந்து நின்றார். முனியம்மா தலையைத் தூக்கவில்லை. கண்ணை மூடியபடியே, பேசாதே என்று அவர் பக்கம் ஒரு கையை உயர்த்தினாள்.